எலியின் குதிகால்

குரோஷியாவின் தலைநகரான சாக்ரெப்பில், ஷலாட்டா என்ற குன்றின் மேல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருந்தியல் ஆய்வாளர்கள் வெள்ளெலிகளின் பின்னங்காலில் ஒரு சிறிய அறுவையைச் செய்தார்கள். கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாணை, எலும்பில் அது பதியும் இடத்துக்கு 5 மில்லிமீட்டர் மேலே குறுக்காக வெட்டினார்கள். முழுதாகவே வெட்டினார்கள். மயக்கம் தெளிந்த எலிகளால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை.

அரை மணி நேரம் கழித்து ஊசி. சில எலிகளுக்கு வெறும் உப்புநீர். மற்றவற்றுக்கு அதே உப்புநீரில் கரைத்த ஒரு பொருள். தினம் ஒருமுறை இப்படிப் போட்டு, எலிகள் நடக்கும் விதத்தையும் தினமும் அளந்தார்கள். 1, 4, 7, 10, 14 ஆகிய நாட்களில் தசைநாணை வெளியே எடுத்து, எவ்வளவு விசையோடு இழுத்தால் அது அறுகிறது என்று பார்த்தார்கள். வெட்டுப்பட்ட இடத்தின் திசுவை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார்கள். 2003இல் முடிவுகள் அச்சில் வந்தன. ஊசியில் அந்தப் பொருளைப் பெற்ற எலிகள் காலை நன்றாக ஊன்றி நடந்தன. அவற்றின் தசைநாண் கூடுதல் இழுவையைத் தாங்கியது.

அந்தப் பொருளுக்குப் பெயர் பி.பி.சி.-157. உடலைக் காக்கும் சேர்மம் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 15 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு குட்டி மாலை அது. புரதம் என்பது நூற்றுக்கணக்கான மணிகள் கோத்த நீண்ட மாலை என்றால், பெப்டைடு அதன் துண்டு. இந்தத் துண்டு இன்று சாக்ரெப் ஆய்வுக்கூடத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூடங்களிலும், 'இளமை மீட்பு' கிளினிக்குகளிலும், இணையக் கடைகளிலும் அது சிறு குப்பியில் வெண்பொடியாக விற்கிறது. பாட்காஸ்ட் உலகின் பெரும்புள்ளி ஜோ ரோகன், தன் முழங்கை வலி இதனால் போனது என்று கோடிக்கணக்கானவர்கள் கேட்கும் நிகழ்ச்சியில் சொன்னார். இன்னொரு பெப்டைடோடு சேர்த்துப் போடும் ஜோடி ஊசிக்கு, காமிக்ஸில் காயம் பட்ட நொடியில் ஆறிவிடும் நாயகனான வுல்வரினின் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

ஆனால், எலிகளுக்கு இருந்த ஒன்று இந்த மனிதர்களுக்கு இல்லை. அது பதிவேடு. ஷலாட்டாவின் ஒவ்வொரு எலிக்கும் எவ்வளவு மருந்து போனது, எந்த நாளில், என்ன விளைந்தது என்ற கணக்கு இருக்கிறது. பக்கத்திலேயே வெறும் உப்புநீர் பெற்ற எலி ஒன்று ஒப்பிடுவதற்காக இருந்தது. வீட்டுக் குளியலறையில் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளும் மனிதரை யாரும் அளப்பதில்லை, எழுதி வைப்பதில்லை.

ஜவ்வு கிழிந்தவர்களின் அவசரம்

இந்த அவசரத்தைக் குறை சொல்வது எளிது. புரிந்துகொள்வதுதான் முதலில் தேவை. 'முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது', 'குதிகால் நரம்பு இழுத்துக்கொண்டது' என்று நம் வீடுகளில் சொல்லும் காயங்கள் பெரும்பாலும் தசைநாண் அல்லது எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார் சம்பந்தப்பட்டவை. சதைக்கு ரத்த ஓட்டம் தாராளம். தசைநாணுக்கு அது மிகக் குறைவு. ரத்தம் குறைவாகப் போகும் இடத்தில் பழுதுபார்க்கும் செல்களும் மெதுவாகத்தான் வந்து சேரும். அதனால் தோலில் பட்ட வெட்டு பத்து நாளில் மூடிக்கொள்ள, தசைநாண் மாதக்கணக்கில் படுத்துகிறது. ஆறிய பிறகும் பழைய உறுதி முழுதாகத் திரும்புவதில்லை. வலி மாத்திரை வலியைக் குறைக்கும், திசுவைத் தைக்காது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், அடிக்கடி போட்டால் தசைநாணையே பலவீனப்படுத்தும். நாற்பது வயதில் தோளைத் தூக்க முடியாமல் தவிக்கும் ஒருவரிடம் 'காயத்தையே ஆற்றும் ஊசி இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அவர் காது கொடுக்காமல் இருப்பாரா?

அந்த வாக்குறுதி தொடங்கிய இடம் வயிறு. மன அழுத்தம் உடலை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே, கடும் அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் இரைப்பையில் புண் வருவதைக் காட்டியவர். அந்த வழியில் வந்த ஆய்வாளர்கள் ஒரு கேள்வியைத் தொடர்ந்தார்கள். அமிலத்தில் மிதந்துகொண்டே தன்னைத் தானே செரித்துவிடாமல் இருக்கும் இரைப்பை, தன்னைக் காக்க ஏதோ ஒன்றைச் சுரக்கத்தானே வேண்டும்? சாக்ரெப்பில் பிரெட்ராக் சிகிரிச் தலைமையிலான குழு, மனித இரைப்பை நீரிலிருந்து அப்படி ஒரு புரதத்தைக் கண்டதாகவும், அதன் ஒரு துண்டே பி.பி.சி.-157 என்றும் அறிவித்தது. அதன் முக்கியக் கட்டுரை 1993இல் வந்தது. குரோஷியா அப்போது போரின் நடுவே இருந்தது.

அந்தத் தாய்ப் புரதத்தின் முழு வரிசையை மனித மரபணுத் தரவுகளோடு பொருத்திக் காட்டுங்கள் என்று விமர்சகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 'இயற்கையாக நம் வயிற்றிலேயே சுரப்பது' என்று விற்பனையாளர்கள் அடித்துச் சொல்வதை வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிறுத்தி வைக்கலாம். குப்பியில் இருப்பது ஆலையில் வேதிமுறையில் கோக்கப்பட்டது. அதில் ஐயமில்லை.

சாக்ரெப்பை மருந்துலகத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் மருந்துக்கடைகளில் தொண்டைக்கும் மார்புச்சளிக்கும் டாக்டர்கள் எழுதித்தரும் அசித்ரோமைசின், 1980இல் அந்த நகரின் பிளிவா நிறுவனத்தில் பிறந்ததுதான். அதே பிளிவா இந்தப் பெப்டைடையும் கையில் எடுத்தது. பெருங்குடல் புண் நோய்க்கு, ஆசனவாய் வழியே செலுத்தும் வடிவில், மனிதரில் தொடக்கநிலைச் சோதனைகளை நடத்தியது. அவற்றின் முழுமையான முடிவுகள் மருத்துவ இதழ்களில் வரவில்லை. 2006இல் பிளிவா ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. 2008இல் அந்த நிறுவனத்தை இஸ்ரேலின் டேவா வாங்கியது. மருந்து சந்தைக்கு வரவே இல்லை.

பத்து லட்சம் மடங்கு

பி.பி.சி.-157 உண்மையில் என்ன செய்கிறது? சாக்ரெப்புக்கு வெளியிலிருந்து வந்த ஆய்வுகளில் கவனிக்க வேண்டியது தைவானின் சாங் குங் பல்கலைக்கழகத்துடையது. 2011இல் அந்தக் குழு எலியின் தசைநாண் துண்டுகளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தது. பெப்டைடு சேர்த்த தட்டுகளில் துண்டின் விளிம்பிலிருந்து செல்கள் வேகமாக வெளியே படர்ந்தன. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் சோதித்தபோது அவற்றில் அதிகமானவை உயிர் பிழைத்தன. செல்கள் பெருகும் வேகம் கூடவில்லை. இடம்பெயரும் வேகம்தான் கூடியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழு, அந்தச் செல்களில் வளர்ச்சி ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பெருகுவதாகக் கண்டது. வேறு ஆய்வுகளில் புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பது தெரிந்தது. ரத்தம் குறைந்த இடத்துக்கு ரத்தக் குழாய் போனால் காயம் ஆறும். கதை பொருந்தி வருகிறது.

ஒரு புதிரும் உண்டு. 2003 எலி ஆய்வில் உடல் எடை கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் கொடுத்தபோதும், 10 நானோகிராம் கொடுத்தபோதும், 10 பிக்கோகிராம் கொடுத்தபோதும் பலன் தெரிந்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். சாப்பாட்டில் ஒரு கல் உப்புக்கும் ஒரு மூட்டை உப்புக்கும் ஒரே சுவை என்று சொல்வது போன்றது இது. மருந்தியலில் அளவு கூடக் கூட விளைவு மாறுவதே வழக்கம். மாறவில்லை என்றால், ஒன்று அங்கே யாரும் அறியாத நுட்பம் ஒன்று இயங்குகிறது, அல்லது அளக்கும் முறையில் கோளாறு இருக்கிறது. இரண்டில் எது என்று முடிவு செய்ய, தொடர்பில்லாத வேறு ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தவை மிகக் குறைவு. இந்தப் பெப்டைடு பற்றிய கட்டுரைகளில் பெரும்பங்கு ஒரே நகரத்தின் ஒரே குழுவிடமிருந்து வந்தது. அந்தக் குழுவின் நேர்மை மீது பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே சமையலறையில் வெந்த சோற்றை இன்னொருவரும் ருசி பார்த்த பிறகே விருந்துக்கு இலை போடுவது அறிவியலின் முறை.

எலியின் காலுக்கும் மனிதரின் தோளுக்கும் வேறுபாடு இருக்கிறது. ஆய்வுக்கூட எலி இளமையானது, ஆரோக்கியமானது. அதன் தசைநாண் கூர்மையான கத்தியால் ஒரே நொடியில் வெட்டப்படுகிறது. கிளினிக்குக்கு வரும் மனிதருக்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உள்ளுக்குள்ளேயே நைந்துபோன தசைநாண். கூடவே சர்க்கரை, கொழுப்பு, தூக்கக் குறைவு. புதுத்துணியில் விழுந்த கிழிசலைத் தைப்பதும், இற்றுப்போன துணியை ஒட்டுப்போடுவதும் ஒரே வேலையா?

எலும்பு, மூட்டு மருத்துவத்தில் இந்தப் பெப்டைடின் இடம் என்ன என்று 2025இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. அதன் ஆசிரியர்கள் 544 கட்டுரைகளைப் புரட்டி, தரத்தில் தேறியவை 36 என்று எடுத்தார்கள். அவற்றில் 35 விலங்குகளிலும் செல்களிலும் நடந்தவை. மனிதரில் நடந்தது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று 2021இல் வந்தது. அமெரிக்கக் கிளினிக் ஒன்றில் முழங்கால் வலிக்காக மூட்டுக்குள் ஊசி போட்டுக்கொண்ட 16 பேரிடம் பிறகு விசாரித்தார்கள். பெரும்பாலானோர் வலி குறைந்தது என்றார்கள். அவர்களில் 4 பேருக்கு வேறொரு பெப்டைடும் கலந்து போடப்பட்டிருந்தது. வெறும் உப்புநீர் பெற்று ஒப்பிட யாரும் இல்லை. 2024இல் சிறுநீர்ப்பை வலி உள்ள 12 பேர். 2025இல் ரத்தக் குழாய் வழியே ஏற்றிக்கொண்ட 2 பேர். மூன்று கட்டுரைகளையும் கூட்டினால் 30 பேர். முழங்கால் வலி காசு கொடுத்துப் போட்ட ஊசிக்குக் கொஞ்சம் இணங்கித்தான் போகும். உப்புநீர் ஊசிக்கே பலருக்கு வலி குறைகிறது என்பதை வேறு பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒப்பீடு இல்லாத 30 பேரை வைத்து ஒரு மருந்தைப் புகழவும் முடியாது, இகழவும் முடியாது.

எலிக்கு வந்த புற்று

எலியில் பலன் தெரிந்தது மனிதரில் தெரியாமல் போகலாம் என்பது ஒரு பக்கம். எலியில் தெரிந்த ஆபத்து மனிதரில் எப்படி ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் அழகான உதாரணம் ஒன்று இருக்கிறது. டெரிபாராடைடு. எலும்பு நொறுங்கும் நோய்க்கு நம் ஊர் மருத்துவர்களும் எழுதித்தரும் தினசரி ஊசி. இதுவும் ஒரு பெப்டைடுதான். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சுரப்பியின் 84 அமினோ அமில ஹார்மோனில் முதல் 34ஐ மட்டும் வெட்டி எடுத்தது.

1990களின் இறுதியில் 17 நாடுகளில், மாதவிடாய் நின்ற 1,637 பெண்களிடம் இதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதே சமயம் எலிகளில் நீண்டகாலப் பாதுகாப்புச் சோதனையும் ஓடியது. அந்த எலிகளுக்கு எலும்புப் புற்று வந்தது. செய்தி வந்ததும் 1998 டிசம்பரில் மனிதச் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பெண்கள் யாருக்கும் எலும்புப் புற்று இல்லை. அதுவரை சேர்ந்த தகவலைக் கணக்கிட்டால், தினம் 20 மைக்ரோகிராம் பெற்றவர்களுக்கு முதுகெலும்பு முறிவு 65 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2002 நவம்பரில் அனுமதி கொடுத்தது. கூடவே கட்டம் கட்டிய கடுமையான எச்சரிக்கை. வாழ்நாளில் இரண்டு ஆண்டுக்கு மேல் போடக்கூடாது. பிறகு ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைக் கண்காணித்தார்கள். எலும்புப் புற்று கூடவில்லை என்று உறுதியான பின், 2020இல்தான் அந்தக் கட்டத்தை எடுத்தார்கள். ஒரு கேள்விக்கு விடை காண அனுமதிக்குப் பின்னும் 18 ஆண்டுகள்.

ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கான பெகாப்ளெர்மின் களிம்பின் கதையும் இப்படித்தான். அது பெப்டைடை விடப் பெரிய புரதம். 1997இல் அனுமதி, 2008இல் அதிகக் களிம்புக் குழாய்களைப் பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோய் இறப்பு பற்றிய எச்சரிக்கை, 2018இல் எச்சரிக்கை நீக்கம்.

திசுவை வளர்க்கும் எந்தப் பொருளுக்கும் இந்த நிழல் உண்டு. காயத்துக்குப் புது ரத்தக் குழாய் வேண்டும். கட்டிக்கும் அதே ரத்தக் குழாய்தான் வேண்டும். உடலில் எங்கோ உறங்கிக்கொண்டிருக்கும் கடுகளவு கட்டிக்கு, தோள் வலிக்காகப் போட்ட ஊசி சோறு ஊட்டுமா? பி.பி.சி.-157 புற்றை உண்டாக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. உண்டாக்காது என்றும் நிரூபிக்கவில்லை. சுண்டெலி, எலி, முயல், நாய் ஆகியவற்றில் நடந்த நச்சுச் சோதனையில் பெரிய கேடு தெரியவில்லை என்று 2020இல் ஒரு சீன ஆய்வு சொன்னது. நல்ல செய்திதான். அதை வைத்து ஒரு மனிதர் பத்தாண்டுகளுக்குப் பிறகு எப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது.

காகிதம் இல்லாத ஊசிகள்

பதிவேடு இல்லாமல் ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா பட்டுத் தெரிந்துகொண்டது. மெல்போர்னின் எஸ்ஸெண்டன், அந்நாட்டுப் பாணிக் கால்பந்தில் நூற்றாண்டுப் பாரம்பரியம் கொண்ட கிளப். 2012 பருவத்தில் அதன் வீரர்களுக்கு உடல் தேற்றும் திட்டம் என்ற பெயரில் ஊசி மேல் ஊசி போடப்பட்டது. ஒப்புதல் படிவத்தில் 'தைமோசின்' என்று இருந்தது. எந்தத் தைமோசின்? காயம் ஆற்றும் ஆய்வுகளில் பேசப்படும், விளையாட்டில் தடைசெய்யப்பட்ட, 43 அமினோ அமிலங்கள் கொண்ட தைமோசின் பீட்டா-4ஆ, வேறு ஏதாவதா? வீரர்களுக்குத் தெரியாது. சட்டபூர்வமானது என்று சொன்னார்கள், கையை நீட்டினார்கள்.

2013 பிப்ரவரியில் விவகாரம் வெடித்தது. ஜிக்கி சுவிட்கோவ்ஸ்கி தலைமையில் கிளப்பே நடத்திய விசாரணை, கட்டுப்பாடும் கேள்வியும் ஆவணமும் இல்லாமல் வீரர்கள் மீது மருந்துப் பரிசோதனை நடந்த சூழலை வெளிக்கொணர்ந்தது. கிளப்புக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். பயிற்சியாளர் ஜேம்ஸ் ஹிர்டுக்கு ஓராண்டுத் தடை. வீரர்களை 2015இல் உள்நாட்டுத் தீர்ப்பாயம் விடுவித்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மேல்முறையீடு செய்தது. 2016 ஜனவரி 12 அன்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம், முன்னாள், இந்நாள் வீரர்கள் 34 பேரையும் குற்றவாளிகள் என்றது. அந்தப் பருவம் முழுதும் அவர்கள் ஆட முடியவில்லை. 2012இன் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை அணித்தலைவர் ஜோப் வாட்சன் இழந்தார்.

இதில் மனதை உறுத்துவது தடை அல்ல. தன் உடம்பில் என்ன ஏறியது என்ற முழுக் கணக்கு அந்த வீரர்களுக்குக் கிடைக்கவே இல்லை. அவர்கள் பிறகு குழந்தை பெற்றார்கள், வயதானார்கள். அந்தக் கேள்வியும் அவர்களோடு போகிறது.

பி.பி.சி.-157இன் சந்தை இன்று எஸ்ஸெண்டனைப் பல மடங்கு பெரிதாக்கியது போல இருக்கிறது. 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று குப்பியில் அச்சிட்டு, அதை மனிதர்களுக்கே விற்கிறார்கள். செமாக்ளூடைடு போன்ற எடைகுறைப்பு ஊசிகள் வந்தபின், தானே ஊசி போட்டுக்கொள்ளும் தயக்கமும் பலருக்குப் போய்விட்டது. அதுவும் பெப்டைடு, இதுவும் பெப்டைடு என்று ஒரே கூடையில் போடுகிறார்கள். செமாக்ளூடைடு பல ஆயிரம் பேரிடம் ஒப்பீட்டுச் சோதனைகளைக் கடந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது தனிக் கேள்வி. பெப்டைடை ஒவ்வொரு மணியாகக் கோக்கும் முறையை 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு கண்டுபிடித்தார். அதற்காக 1984இல் நோபல் பரிசு பெற்றார். அந்த முறையில் 15 மணிகளுக்கு 14 முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் 99 சதவீதம் சரியாக விழுந்தாலும், கடைசியில் குறையற்ற மாலைகள் சுமார் 87 சதவீதம்தான் தேறும். மீதி ஒரு மணி, இரண்டு மணி விட்டுப்போன மாலைகள். நல்ல ஆலை அவற்றைப் பிரித்தெடுத்து, பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்றும் பார்க்கும். முகவரி இல்லாத இணையக்கடைக்கு யார் பொறுப்பு? மணி விட்டுப்போன மாலையை உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியன் என்று எண்ணிப் பாயலாம். 2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. இதே காரணங்களைச் சொல்லி, மருத்துவர் சீட்டுக்கேற்ப மருந்து கலந்து தரும் கலவைக்கூடங்கள் கையாளுவதில் பாதுகாப்புக் கவலை உள்ள பொருள்களின் பட்டியலில் பி.பி.சி.-157ஐச் சேர்த்தது. அதற்கு முன்பே, 2020இல், அனுமதியற்ற பெப்டைடுகளை விற்ற கென்டக்கி கலவைக்கூடம் ஒன்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 17.9 லட்சம் டாலரைக் கட்டியிருந்தது.

அரசியலும் இதில் நுழைந்துவிட்டது. 2024 அக்டோபரில் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், எஃப்.டி.ஏ. அடக்கி வைத்திருப்பதாகத் தான் கருதும் பொருள்களை வரிசையிட்டபோது பெப்டைடுகளையும் சொன்னார். சில மாதங்களில் அவரே அமெரிக்காவின் சுகாதார அமைச்சர் ஆனார். இதற்கிடையே, 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த நீண்ட ஆயுள் மாநாடு ஒன்றில் பெப்டைடு ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

விளையாட்டு வீரர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. எந்த நாட்டிலும் மருந்தாக அனுமதி பெறாத பொருள் என்ற பிரிவில், 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பி.பி.சி.-157ஐ எப்போதும் தடைசெய்திருக்கிறது. போட்டிக் காலம், ஓய்வுக் காலம் என்ற பேதமில்லை. மருத்துவக் காரணம் காட்டி விலக்கு வாங்குவதும் மிகக் கடினம். 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 214இல் தடைசெய்யப்பட்ட பொருள்கள் கண்டறியப்பட்டன. அதிகமாகச் சோதிக்கும் நாடுகளில் அதுவே உயர்ந்த விகிதம். மாவட்ட அளவில் ஓடும் பிள்ளையிடம் 'சீக்கிரம் ஆறிவிடும்' என்று யாராவது ஒரு குப்பியை நீட்டினால், அந்தக் குடும்பத்துக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு படிக்கட்டு

தசைநாண் வலிக்குச் சான்றுள்ள வழி எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதன் தொடக்கம் சுவீடனில். எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே குதிகால் தசைநாண் வலி. ஓட முடியவில்லை. அறுவை செய்துகொள்ள விரும்பினார், அதற்கு இசைவு கிடைக்கவில்லை. தசைநாண் அறுந்தாலாவது அறுவை கிடைக்கும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலைப் படியில் இறக்கி ஏற்றினார். தசைநாண் அறவில்லை. வலி போய்விட்டது.

தனக்கு நடந்ததை அவர் மருந்தாக விற்கவில்லை. சோதித்தார். நாள்பட்ட வலியுள்ள, பொழுதுபோக்காக ஓடும் 15 பேருக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தார். காலை மாலை, நாளுக்கு 180 முறை, 12 வாரம். ஒப்பிடுவதற்கு வழக்கமான சிகிச்சை பெற்ற இன்னொரு 15 பேரை வைத்துக்கொண்டார். பயிற்சி செய்த 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். 1998இல் அச்சிட்டார். பிறகு பல நாடுகளில் பலர் அதைத் திரும்பச் சோதித்தார்கள். சிலவற்றில் பலன் முதல் ஆய்வை விடக் குறைவாக இருந்தது, அளவை மாற்றினார்கள், வேறு பயிற்சிகளோடு ஒப்பிட்டார்கள். இன்று குதிகால் வலிக்கு பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தரும் பாரப் பயிற்சி அந்த வழியில் வந்தது. தேவையானது ஒரு படிக்கட்டும் மூன்று மாதப் பொறுமையும். கூடவே ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னால் போதும்.

பி.பி.சி.-157க்கும் இதே மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. அது பொய் மருந்து என்று தள்ளிவிட எலிகளின் கால்கள் இடம் தரவில்லை. இருநூறு முந்நூறு நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உப்புநீர், ஒரு பாதிக்கு மருந்து என்று ஓராண்டு பார்த்தால் விடை தெரிந்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வெளியான பெப்டைடுக்குப் பலமான காப்புரிமை கிடைப்பது கடினம் என்பதால், கோடிகளைப் போட்டுச் சோதிக்கப் பெரிய நிறுவனங்கள் முன்வருவதில்லை. சோதிக்காமலே விற்பனை நடப்பதால், விற்பவர்களுக்கும் சோதிக்க அவசரமில்லை. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டிய வேலை இது. அதுவரை, யாராவது இந்த ஊசியைச் சிபாரிசு செய்தால், ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எனக்கு ஏதாவது ஆனால் அதை எங்கே எழுதி வைப்பீர்கள்?

2015இல் மெக்சிகோவில் அப்படி ஒரு தொடக்கம் நடந்தது. பி.பி.சி.-157ஐ வாய்வழியாக 42 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் முதல்கட்ட ஆய்வு அமெரிக்காவின் பொதுப் பதிவேட்டில் பதிவானது. 2016இல் முடிவுகளைச் சமர்ப்பிக்கத் தொடங்கிய ஆய்வாளர்கள், தரச் சரிபார்ப்புக்கு முன்பே அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த 42 பேருக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை வெளியாகவில்லை.